ஜரீனா ஆன்ட்டியின் உவமை வகுப்பு

தேக்கா சந்தைக்கு எதிரே மாடியில் இருந்த துணைப்பாட நிலையத்தில் ஜரீனாவை எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். வரவேற்பு மேசையில் பதினோரு வருடம். உயர்நிலை ஒன்றாம் வகுப்புக்கான தமிழ்க் குறிப்புகளைத் தட்டச்சு செய்ததும் அவள்தான், நகலெடுப்பதும் அவள்தான். அடித்து அடித்தே எதுகை, மோனை, உவமை, உருவகம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பள்ளியில் யாரும் இவற்றை அவளுக்குப் புரியும்படி சொல்லித் தந்ததில்லை. பாசிர் ரிஸ் போகும் ரயிலில் விளம்பரங்களைப் படித்து, இது மோனை, இது வெறும் சத்தம் என்று தனக்குள் தரம் பிரித்துக்கொண்டே போவாள்.

தமிழாசிரியர் வேலையை விட்டுப் போனதும் முதலாளி அழகப்பனிடம் போய் நின்றாள்.

"அந்த வகுப்ப நான் எடுக்கறேன் சார்."

அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. பெற்றோர் முன்னால் இருபது நிமிடம் நடத்திக் காட்டச் சொன்னார். "நோட்ஸ்ல இருக்கறத மட்டும் சொல்லுங்க. எக்ஸ்ட்ரா வேணாம் லா."

'மலர் போன்ற முகம்' என்று பலகையில் எழுதினாள். பிள்ளைகள் நிமிர்ந்தே பார்க்காமல் 'உவமை' என்று ஒப்பித்தார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. மலர் போன்ற முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். குறிப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இனியா, உங்கம்மா வேலை முடிஞ்சு வரும்போது முகம் எப்படி இருக்கும்?"

இனியா பின்வரிசையில் இருந்த அம்மா சந்திரமதியைத் திரும்பிப் பார்த்தாள். "எடுக்க மறந்து மழையில நனைஞ்ச துணி மாதிரி, டீச்சர்."

டீச்சர். இதுவரை யாரும் ஜரீனாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. மருத்துவமனைத் தாதியுடையோடு உட்கார்ந்திருந்த சந்திரமதி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "உண்மதான்," என்றாள். அப்புறம் ஆளுக்கொரு உவமை சொன்ன பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை.

எல்லாரும் போன பின் அழகப்பன் வந்தார். "நல்லாதான் இருந்துச்சு. ஆனா மனப்பாடம் பண்ணாதான் மார்க். நோட்ஸ்படி நடத்துங்க, வகுப்பு உங்களுக்கு."

சரி என்று ஒரு வார்த்தை போதும். ஆசைப்பட்டது கைக்கே வந்துவிடும்.

"ஒப்பிக்கறதுக்கு நான் எதுக்கு சார்? எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு, வீடு போய்ச் சேரும்வரை அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை புது ஆசிரியருக்காகக் குறிப்பை அறுபது நகல்கள் கேட்டார் அழகப்பன். ஜரீனா கணினியைத் திறந்தாள். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, அவற்றின் விளக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். எடுத்துக்காட்டு என்ற சொல்லுக்குக் கீழே இருந்தவற்றை மட்டும் அழித்துவிட்டு, பிள்ளைகளே எழுத நான்கு வெற்றுக் கோடுகள் போட்டாள். அறுபதையும் அடித்து, தன் கையாலேயே வகுப்பில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நிமிடத்தில் அழகப்பன் ஒரு தாளோடு மேசைக்கு வந்தார். "என்ன ஜரீனா இது? போய் எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க."

"வேலைய விட்டு எடுக்கணும்னா எடுங்க சார். தாள வாங்கணும்னா நீங்களே போய் அவங்க கையிலேருந்து பிடுங்குங்க. நான் போக மாட்டேன்."

அவர் விறுவிறுவென்று வகுப்புக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஒரு பிள்ளைகூட நிமிரவில்லை; எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாளையும் வாங்காமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.