பிரியாணிக் கடையின் கறுப்புத் திரை

வில்லியனூரில் என் தோழிக்கு ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. இது நடந்தபோது அது அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், கடை. அவருக்கு முழங்கால் போய்விட்டது. கல்லாவிலிருந்து எழுந்து நடப்பதே பெரும்பாடு. வெளியூர்க்காரர் ஒருவர் கடையைக் குத்தகைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். "நான் நடத்துறேன் அத்தா" என்று இவள் போய் நின்றபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம கூட்டத்த எங்கொரல் இல்லாம ஓட்டிக் காட்டு. அப்பறம் பாப்பம்" என்றார்.

அவர் குரல் லேசுப்பட்டதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி "மட்டன் ரெண்டு, கோழி ஒண்ணு பார்சல்" என்று ஒரு கத்து கத்தினால் பின்கட்டில் பிரியாணி வேகும் தேக்சாவோடு நிற்கும் மாஸ்டருக்கும் கேட்கும், எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கும் கேட்கும். ஆர்டர் அடுப்படிக்குப் போக அந்தக் கடையில் வேறு வழியே கிடையாது. தோழியின் குரலோ பக்கத்து பெஞ்சுக்கே எட்டாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் நான்தான், அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே என்னைக் கூப்பிட்டாள். நான் உறுவையாற்றில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்தவள். இப்போது கரிக்கலாம்பாக்கத்தில், போன வருஷம் வரை நாற்று நட்ட இடத்தில் போட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிற கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். கம்பெனியில் எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்று நினைக்கிறார்கள். கேமராவை அணைத்துவிட்டுத்தான் நான் திட்டுவேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடையில் ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கேமராக்களின் படத்தைப் பதிவுசெய்வது அதன் வேலை. அதிலேயே ஆர்டரையும் ஏற்றிவிடலாம் என்றேன். கல்லாவில் இவள் டேப்லெட்டைத் தட்டுவாள். அடுப்படிச் சுவரில் ஒரு மானிட்டர். அதில் அலங்காரம் எதுவும் வேண்டாம், எழுத்து மட்டும் காட்டும் வெறும் கறுப்பு டெர்மினலில் பெரிய பச்சை எழுத்து போதும். எண்ணெய்க் கையோடு யாரும் தொட வேண்டாம், தூரத்திலிருந்தே படிக்கலாம். மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது.

தோழிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இன்னாடி இது, எழவு வூட்டு போர்டு மாரி கறுப்பா இருக்குது? மேல ஒரு லைன் ஓடட்டும்டி. வாங்க வாங்க, நல்லா சாப்புடுங்கன்னு."

"அடுப்படியில யாருடி வருவாங்க? மாஸ்டர வாங்க வாங்கன்னு கூப்புடுறியா?"

"கடைன்னா ஒரு வரவேற்பு வேணும்."

வாதாடிப் பார்த்தேன். விடவில்லை. போகட்டும் என்று திரையின் மேல்வரிசையில் வலமிருந்து இடமாக ஓடும் வரவேற்பு வரியை எழுதிக் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரை எல்லாம் தேன். அப்புறம் கூட்டம் சேர்ந்தது. இவள் தட்டிய ஆர்டர் அடுப்படித் திரையில் வரவில்லை. மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி சும்மா நின்றார். திரையில் வாங்க வாங்க மட்டும் திக்கித் திக்கி ஓடியது. திடீரென்று ஒரு கொத்து ஆர்டர் ஒன்றாக வந்து விழுந்தது. கோழி கேட்டவருக்கு மட்டன் போனது. மட்டன் கேட்டவர் மேசையில் முட்டை வந்து உட்கார்ந்தது. அத்தா கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கம்ப்யூட்டர் பழசு என்று முதலில் அதைத் திட்டினேன். பிறகு என் ஆர்டர் புரோகிராமுக்கு ஆக உயர்ந்த முன்னுரிமையைக் கொடுத்தேன். இனி அந்தப் பெட்டிக்குள் எது காத்திருந்தாலும் என் புரோகிராமுக்குத்தான் முதல் முறை. கொடுத்த மாத்திரத்தில் திரை இன்னும் மோசமானது. வாங்க என்ற சொல் பாதியில் உறைந்து நின்றது.

"கம்ப்யூட்டருக்குப் பசி போல. ஒரு பிளேட் வச்சிப் பாக்கிறது" என்றார் அத்தா. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தன் குரலில் மீதி மதியத்தை ஓட்டி முடித்தார். தோழி பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர் குரலில் கடை ஓடுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. நெட்டப்பாக்கத்தில் காதுகுத்து என்று ஒருவர் பெரிய பார்சல் வாங்க வந்திருந்தார். அவருக்குக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். இடையில் ஒற்றைப் பொட்டலம் கேட்டு யார் வந்தாலும் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி பெரிய பார்சலுக்குப் போவார்கள். காதுகுத்துக்காரரும் கோபிக்கவில்லை. ஒற்றைப் பொட்டலத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆனால் அன்று மாஸ்டர் விட்ட நேரத்தையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டுகிறவருக்கு மேசையில் கைவைக்க இடமில்லை. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துண்ணே, நான் கட்டணும்ல?" என்று அவர் கத்தினார்.

அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். என் புரோகிராம் எழுத்தை அனுப்பத்தான் செய்யும். அதை வாங்கித் திரையில் வரைவது டெர்மினல் என்ற வேறொரு புரோகிராம், அது தனி ஆள். அந்தப் பழைய பெட்டியில் பல வேலை ஒன்றாக நடப்பதுபோலத் தெரிந்தாலும், இயங்குதளம் ஒவ்வொன்றுக்கும் துளித் துளியாக முறை கொடுத்துத்தான் ஓட்டுகிறது. கேமராப் பதிவு ஒருபக்கம் நேரத்தைத் தின்கிறது. மறுபக்கம் நான் என் புரோகிராமைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டேன். அது ஓயாமல் வாங்க வாங்க என்று அள்ளிக் கொட்டுகிறது. வரைகிற டெர்மினலுக்கு முறையே வருவதில்லை. முறை வந்தாலும், வரிசையில் முன்னால் நிற்கிற அத்தனை வாங்க வாங்க வரிகளையும் வரைந்து தள்ளிவிட்டுத்தான் பின்னால் நிற்கிற கோழிப் பிரியாணிக்கு வர வேண்டும். விருந்தாளியை வரவேற்றே பட்டினி போட்டிருக்கிறோம்.

தோழியை இழுத்துவந்து சொன்னேன். "ஓடுற வரிய எடுத்துடணும்டி."

"அதான் எங்கடையோட மொகம்."

"மொகம் ஓடக் கூடாதுடி. ஒரு எடத்துல நிக்கணும்."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வரவேற்பு நிற்கும், ஓடாது என்று ஒப்பந்தமானது. என் புரோகிராமை மற்றவர்களோடு சமமாக இறக்கி வைத்தேன். புது ஆர்டர் வந்தால் ஒழிய அது வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தடுத்து வந்தால் சேர்த்து ஒரே தடவையில் எழுத வேண்டும். கேமராப் பதிவை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன், அதுதான் நம் காதுகுத்துப் பார்சல். டெர்மினலுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. பெரும்பாலும் தூங்கி, எப்போதாவது எழுந்து ஒரு வாய் வேலை கேட்கிறவனை இயங்குதளமே முன்னால் விட்டுவிடும். ஒற்றைப் பொட்டலக்காரனுக்கு அங்கேயும் மரியாதை இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியிலேயே நின்றேன். அத்தாவும் நாற்காலியை அங்கே போடச் சொல்லி, திரைக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். முன்னால் இவள் விரல் பட்டதும் பின்னால் பச்சை எழுத்து பளிச்சென்று வந்தது. மாஸ்டர் அள்ளினார், பக்கத்தில் பொட்டலம் கட்டினார்கள், அடுத்தது வந்தது. ஒரு தடவை மின்சாரம் விட்டு வந்தது, கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்த பேட்டரி காப்பாற்றிவிட்டது. அத்தா நடுநடுவே வாயைத் திறப்பார், பழக்க தோஷம், உடனே மூடிக்கொள்வார். கடைசிப் பார்சலும் போய் தேக்சாவில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டபோது, கோழிக்கு மட்டன் என்று ஒரு புகார்கூட வந்திருக்கவில்லை.

பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி, வேலைசெய்தவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தால்ச்சா வாசனை. அத்தா மெல்ல நாற்காலியோடு நகர்ந்து மாஸ்டர் பக்கத்தில் போய், தனக்கு ஒரு தட்டில் போட்டு வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத தோழி கைகழுவிவிட்டு வந்தாள்.

"நீ அப்பறம் சாப்புடு" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். முதல் கவளத்தை வாயில் போட்டார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இவ்வளவு பாடுபட்ட பெண்ணுக்கு ஒரு பாராட்டு இல்லை, பரவாயில்லை. பசியோடு நிற்கவைப்பது என்ன நியாயம்? "இன்னா மாமா இது, அவளும்..." என்று ஆரம்பித்தேன்.

தோழி என் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு. எனக்கே சரியாகக் கேட்காத அந்தக் குரலில் சொன்னாள்:

"சும்மா இருடி. எங்கடையில மொதலாளிதான் கடைசியா சாப்புடுவாங்க."