வெள்ளிக்கிழமை லென்ஸ் வாங்கப் போன கதை

இன்று பாளையங்கோட்டையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில், அவர் மாமனார் விட்டுப்போன பழைய கேமரா லென்ஸை வாங்கப் போனேன்.

பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. காட்டிக்கொண்டால் விலை ஏறுமே! டார்ச் அடித்து, "பூஞ்சை இருக்கு, கண்ணாடியெல்லாம் கறை" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் விலை படிந்து நான் "சரி, குடுங்க" என்றபோது, அண்ணாச்சியின் மனைவி, மதினி, விளக்கேற்றிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பொறவு வீட்டுப் பொருளை வெளிய குடுக்க மாட்டோம் தம்பி. காலைல வாங்க. அதுக்குள்ள அந்தக் கறையைப் புளி போட்டுத் தேச்சு வைக்கேன்."

பதறிவிட்டேன். "ஐயோ மதினி, கறையே இல்ல! அருமையான லென்ஸு!"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? அப்ப காலைல வேற விலை பேசுவோம்வே."

விலை போகட்டும். மதினி புளியை ஊறவைத்துவிட்டாரா என்று யாராவது எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்.