கோமாளிக்கு மூக்கு போன கதை

டிசம்பர் பிறந்து, கேரல் பாடி வருகிறவர்களின் டிரம் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவையும் அவர்கூட ஆடி வரும் கோமாளியையும் பார்க்க வாசலுக்கு ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. கட்டிலுக்கு அடியில் ஓடுகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்கு ஏறக்குறையத் தலைவி.

தாத்தாவையாவது பொறுத்துக்கொள்ளலாம். கோமாளிதான் எனக்கு ஆகாது. ரப்பர் முகமூடியில் காதுவரை இழுத்துவைத்த ஒரு சிரிப்பு. ஆடினாலும் சிரிப்பு, மூச்சு வாங்கி நின்றாலும் சிரிப்பு, நாய் துரத்தினாலும் அதே சிரிப்பு. ஓட்டைகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் உருளும். சிரிக்கிற வாய்க்கும் உருளுகிற கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கோமாளியையும், ஆள் மடியில் உட்கார்ந்து வாயசைத்துப் பேசும் பொம்மையையும் கண்டு நடுங்குகிற பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஒரு முகம் என்ன நினைக்கிறது என்பதை அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் வேறு எங்கே போய்க் கேட்பது?

அப்போது எனக்கு நான்கு வயது. அப்பா குவைத்தில் இருந்தார். நான் தவழ ஆரம்பிக்கும் முன்பே போனவர். வீடியோ காலெல்லாம் இல்லாத காலம். எனக்குத் தெரிந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் கேட்கிற ஒரு குரல். பூனை குட்டி போட்டது, அம்மா அடித்தது எல்லாவற்றையும் அந்தக் குரலிடம் சொல்லிவிடுவேன். கோமாளி பயத்தை மட்டும் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னால் கோமாளிக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

அந்த வருஷம் அப்பா யாரிடமும் சொல்லாமல் லீவில் வந்தார். இத்தனை காலம் கழித்து வருகிறவர் நேரே வீட்டுக்கு வரவேண்டியதுதானே? பிள்ளைக்கு ஒரு வேடிக்கை காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. சபை வாலிபர்கள் வேஷம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, கோமாளி உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பாட்டு எங்கள் வாசலுக்கு வந்தது. நான் ஓடி ஒளியும் முன்பே அம்மா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோமாளி எல்லாரையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து கையை நீட்டினான். நான் போட்ட கூச்சலில் டிரம் நின்றது. பதறிப்போன கோமாளி முகமூடியைக் கழற்றினான்.

"பயப்படாத மக்கா, அப்பாவாக்கும்."

உள்ளே இன்னொரு முகம் இருந்தது. வேர்த்து வழிந்த, மீசை வைத்த, முன்பின் பார்த்திராத முகம். நான் இன்னும் பலமாக அலறினேன். அம்மாவும் அழுதாள், அது வேறு அழுகை.

"ஏட்டி, உனக்க அப்பாவாக்கும். நல்லாப் பாரு" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா கொஞ்சம் பின்னால் போய் நின்றார்.

"விடு. பிள்ளைய நிர்பந்திக்காண்டாம். அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடட்டும்."

அந்த ஒரு பேச்சுக்காகவே என் அப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்திருந்தார். அதைக் காட்டி என்னை வளைத்துப் போட்டிருக்கலாம். அவர் செய்யவில்லை.

மறுநாள் காலை முற்றத்தின் அந்தக் கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் மடியில் அந்த முகமூடி. என் பக்கம் திரும்பாமலே, அம்மாவின் தையல் கத்திரிக்கோலால் அதன் உருண்டைச் சிவப்பு மூக்கை வெட்டி எடுத்தார். மூக்கு போனதும் அத்தனை பெரிய கோமாளி பாவம் போல ஆகிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அந்த மூக்கில் எலாஸ்டிக் கோத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு தும்மினார். மூக்கு நெற்றிக்கு ஏறியது. அதற்குக் கீழே புருவம் நெளிந்தது, கன்னம் உப்பியது, சிரிப்பு வந்தது, போனது. வந்து போகிற சிரிப்பு என்றால் எனக்குப் பயமில்லை. மூக்கை இறக்கி மாட்டிக்கொண்டு பேசியபோது, ரப்பர் அழுத்தியதில் குரலும் கோணலாக மூக்கால் வந்தது. மத்தியானத்துக்குள் அவர் மடியில் ஏறியிருந்தேன்.

அந்த வருஷம் மிச்ச வீடுகளுக்கெல்லாம் மூக்கில்லாத கோமாளிதான் போனான். வாலிபர் சங்கச் செயலாளர் பொங்கல்வரை அப்பாவோடு பேசவில்லை.

ஆனால் மூக்கு இருந்தால்தான் நான் அவரிடம் போவேன். கழற்றிவிட்டால் அவர் யாரோ. ஆகவே அப்பா மூக்கோடு எனக்குச் சோறு ஊட்டினார். மூக்கோடு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து, பிரசங்கம் முடியும்வரை என்னை மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கூலிங்கிளாசும் சென்ட்டுமாக நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஊர் எங்களுடையது. என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளச்சலுக்கு மீன் வாங்கப் போனார். ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் விலையை மறந்து நின்றுவிட்டார்.

"லே மக்கா, குவைத்துக்காரனுக்க மூக்கப் பாருல!"

"கொள்ளாமா? நல்லா இருக்கா?" என்று அப்பா மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, சாளை மீனுக்கு விலை கேட்டார்.

வெட்கமே இல்லை என்று அம்மா திட்டினாள். வெட்கப்பட அவருக்கு நேரம் ஏது? இரண்டு மாத லீவு. இவர்தான் அப்பா என்று அம்மா தினமும் என் காதில் ஓதினாள். அவள் மனம் நோகக்கூடாதே என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மூக்கோடுதான் எனக்கு முத்தம் கொடுத்தார். கண்ணாடிக் கதவருகே நின்ற காவலர் முறைத்த பிறகே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் உற்சாகமாகக் கையாட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. அம்மா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன். இத்தனை நாள் கூப்பிடாமல் இருந்த அப்பாவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"அப்பா, இங்க ஒரு கோமாளி வந்தாரு. என்னைத் தோளுல வச்சுக் குளச்சலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுது. இப்பப் போயிட்டாரு. நீங்கதான் ஒருக்காவும் வரல்ல. வரும்போ அவரையும் கூட்டிட்டு வருவீங்களா?"

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அம்மா ரிசீவரை வாங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. உள்ளே தூசி அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து, அதை வாயருகே வைத்துப் பலம்கொண்ட மட்டும் ஊதினேன்.