அத்தான் தேர்ந்தெடுத்த சரிவு

லண்டன் ஹரோவில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடம் முதன்முதலில் விரிந்தது தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சுருண்டு எழும் மூலைகளில் இரண்டை மிளகாய்த்தூள் போத்தல்களும் ஒன்றை ஊறுகாய்ப் போத்தலும் அமத்திக்கொண்டிருந்தன. நாலாவது மூலையில் அத்தானின் முழங்கை. கனடாவின் மேற்குக்கரை மாகாணத்து மலைத்தொடர் ஒன்று அதில் பழுப்புக் கோடுகளாகக் கிடந்தது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் ஓரளவு சமதரை. அக்கா இடியப்பத் தட்டோடு வந்து நின்று, "மலையைக் கொஞ்சம் மடிச்சு வைக்கிறியளோ, சாப்பிட வேணும்" என்றார்.

அத்தான் தன் வாழ்க்கையில் முதல்முறையாக எல்க் வேட்டைக்குப் போகவிருந்தார். எல்க் என்பது எங்கள் வன்னிக் காட்டு மரையைவிடப் பெரிய மான். அழைத்தது அவருடைய தம்பி. யுத்த காலத்தில் லண்டன் வரப் புறப்பட்ட தம்பி வழியில் ஒரு நாட்டில் பிடிபட்டுச் சிறையிலிருந்தபோது, முன்பே இங்கு வந்துவிட்ட அத்தான் தனக்காக ஓடித்திரியவில்லை என்று நம்பினார். ஓடித்திரிந்தார் என்பது அக்காவுக்குத் தெரியும்; தம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை. பிறகு தம்பி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பேச்சு நின்றது. பல வருடங்களுக்குப் பின், கொம்போடு கிடக்கும் ஒரு எல்க்கின் படமும், "அண்ணை, அடுத்தமுறை வாறியளோ?" என்ற ஒரு வரியும் அத்தானின் கைபேசிக்கு வந்தன. அவர் யோசிக்காமல் "ஓம்" என்று பதில் அனுப்பினார். துவக்குப் பிடிக்கத் தெரியாது என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்காகக் கென்ட் பக்கம் ஒரு சுடுதளத்துக்குப் போய்வரத் தொடங்கினார்.

கவுன்சிலில் வீதிப் பராமரிப்பைத் திட்டமிடும் வேலை அவருக்கு. அதே நிதானத்தோடு மலையையும் படித்தார். எல்க் காலையிலும் மாலையிலும் வெயில் படும் தெற்குச் சரிவுகளில் மேயும், பகலில் வடக்குச் சரிவின் அடர்ந்த மரநிழலில் படுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டும் அருகருகே இருக்கும் இடம் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும். காட்டுத்தீயில் எரிந்து மறுபடி துளிர்த்த நிலம் என்றால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்ட மிருகத்தைத் துண்டங்களாக்கி முதுகில் சுமந்து வாகனம்வரை இறக்க வேண்டும். "சுடுறது ஒரு நிமிசம், இறக்கிறது நாள் முழுக்க" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்.

தம்பிக்கு நீண்டநாள் ஆசை வேறொன்று. மலைமுகட்டுக்குக் கீழே கிண்ணம்போல ஒரு புல்வெளி. பெரிய கொம்பன்கள் அங்கேதான் நிற்கும். சட்டமோ வேறு விதமாக இருந்தது. வெளிநாட்டார் அங்கே தனியாக வேட்டையாட முடியாது. வழிகாட்டியைப் பிடிக்க வேண்டும், அல்லது அங்கு வாழும் நெருங்கிய உறவினர் பொறுப்பேற்று, வேட்டை முழுவதும் கண்பார்வைக்குள் கூடவே இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு தம்பி தொலைபேசியில் அந்த விதியை வாசித்துக் காட்டிவிட்டு, "இனி என்னை விட்டிட்டு ஓடேலாது அண்ணை" என்று சிரித்தார். அத்தானும் சிரித்தார். ஆனால் ஒருவர் மேலே போக மற்றவர் துவக்கோடு கீழே காத்திருக்கும் வழி அதோடு அடைபட்டது. போனால் இருவரும் கிண்ணத்துக்குப் போகவேண்டும்.

அத்தானின் நெஞ்சு அதற்கு இடம் கொடுக்காது. லண்டனுக்கு வந்த காலத்தில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் உறிஞ்சிய மாவுத்தூசி நுரையீரலில் தங்கிவிட்டிருந்தது. தம்பிக்கு அது தெரியாது. சொல்லுங்கள் என்று அக்கா சொன்னதற்கு, "வருத்தக்காரன் எண்டு சொன்னால் ஆஸ்பத்திரியில நோயாளியைப் பாக்கிறமாதிரிப் பாப்பான். எத்தினை வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறான். நான் வேட்டைக்குப் போறன்" என்றார்.

ஏறிப் பழகலாம் என்று நினைத்தார். சனிக்கிழமைகளில் முதுகுப்பையில் ஒரு பை சிவப்பரிசியைப் போட்டுக்கொண்டு ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து முருகன் கோவில்வரை மேட்டில் நடந்தார். நானும் கூடப் போனேன். முதல் நாளே கோவில்காரர் ஒருவர், "அன்னதானத்துக்கோ? வையுங்கோ, வையுங்கோ" என்று பையை வாங்கிக்கொண்டார். அத்தானால் மறுக்க முடியவில்லை. அடுத்த கிழமை புதிதாக ஒரு பை வாங்கினார், அதுவும் அங்கேயே போனது. பிறகு அவரைக் கண்டால், "உபயகாரர் வாறார்" என்று வழிவிட்டார்கள். மேட்டில் ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்திலும் நின்று நேர அட்டவணையைக் கவனமாக வாசிப்பார். எந்தப் பஸ்ஸிலும் ஏறுகிற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அரிசி குறைந்தது, நிற்கும் நேரம் குறையவில்லை.

அதன்பின் அவர் மலையின் கீழ்ப்பாதியை மட்டும் படித்தார். பாவனையில் இல்லாத ஒரு மரவெட்டு வீதி முடிகிற இடம், அதற்கு மேலே படிபோல ஒரு சமதரை, ஓர் ஓடை, பழைய தீயில் துளிர்த்த சரிவு. ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் தம்பியிடம் அதைச் சொன்னார். தொலைபேசி மேசை நடுவே ஸ்பீக்கரில் வைக்கப்பட்டிருந்தது.

"என்ன அண்ணை, கார் பார்க்கிலயிருந்து சுடப் போறியளோ? எல்க்குக்கு டிக்கெட் குடுக்கிற இடம் மாதிரிக் கிடக்கு."

அத்தான் நிழல், தண்ணீர், சுமை, கூடாரம் போடும் இடம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எல்லாம் சரியான காரணங்களே. தம்பி குறுக்கிடாமல் கேட்டார்.

"அண்ணை, மேல ஏற ஏலாதோ?"

அக்கா அடுப்படியில் குழாயை நிறுத்தினார். அத்தான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏலாது" என்றார்.

"இதை மாசியில சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் மிச்சம்." பிறகு அதே மூச்சில், "உங்கட இடம் நல்ல இடம்தான். ஆனா கூடாரத்தை மேல்பக்கம் போட்டிருக்கிறியள். விடியக் காத்து கீழ இறங்கும், எங்கட மணம் முழுக்க மானுக்குப் போயிடும். ஓடைக்கு இந்தப் பக்கம் இறக்குங்கோ."

"ஓடைக்கரையில குளிரும்."

"குளிருக்கு லண்டனில என்ன, விசிறி போட்டுக்கொண்டோ இருக்கிறியள்?"

அன்று ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் காற்றைப் பற்றிச் சண்டை நடந்தது. அத்தானின் குரல் அத்தனை உரத்து நான் கேட்டதில்லை.

புரட்டாதியில் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது அத்தானின் கட்டில் கீழறைக்கு வந்துவிட்டது. மாடிப்படி அவருக்கு மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றைப் பற்றிய வழக்கு மட்டும் தொலைபேசியில் இன்னும் முடியவில்லை.

அந்தப் பயணம் முடிந்து ஹீத்ரோவிலிருந்து அத்தானைக் காரில் கூட்டிவந்த காலையில் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். திரும்புவதற்கு முதல்நாள் விடியலில், அவர்கள் இருந்த இடத்துக்கு மேலே ஒரு பெரிய கொம்பன் தெரிந்ததாம். சுடுவதென்றால் பாறைமுனையைச் சுற்றி ஏற வேண்டும், அங்கிருந்து பார்த்தால் கீழே இருப்பவர் தெரியமாட்டார். "நீ போ, நான் இதில இருக்கிறன்" என்றிருக்கிறார் அத்தான். "உங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் விட்டிட்டுப் போகேலாது அண்ணை. சட்டம்" என்று தம்பி அசையவில்லையாம். கொம்பன் முகட்டைத் தாண்டும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

"துவக்கை வெறுமையாக்கி அவரிட்டக் குடுத்திட்டு இருந்திருந்தா, நீங்கள் வேட்டையில இல்லை எண்டுதானே கணக்கு, அத்தான்? அவர் போயிருக்கலாமே" என்றேன்.

அத்தான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கும் அது தெரியும்" என்றார். "அந்தச் சட்டத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினதே அவன்தானே."