இசைத்தட்டும் என் கண்ணீரும்

இசைத்தட்டை ஒழுங்காகப் போடத் தெரியாமலே அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவன் நான். மனைவி ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால் இனி மறைத்துப் பயனில்லை.

நாங்கள் குடியிருக்கும் வில்லரேயில் எங்கள் எதிர்வீட்டு அம்மா பழைய சாமான்களை வாசலில் பரப்பிக் கராஜ் சேல் போட்டிருந்தார். கோடையில் மலிவாகக் கிடைக்குமென்று பனி அள்ளும் ஷவல் தேடிப் போனேன். பழைய விளக்குகளுக்கு அடியில் ஒரு சின்ன இசைத்தட்டு கிடந்தது. வெறும் கடதாசி உறை. 'சோல்' என்கிற பழைய காலத்து மேல்நாட்டுப் பாட்டு. குழுவின் பெயர் மட்டும் போட்டிருந்தது. நான் அதைத் தூக்கியதும் அம்மாவின் முகம் மாறியது. காசு வேண்டாமாம். கேட்டுவிட்டு, எப்படியென்று உண்மையைச் சொன்னால் போதுமாம். இதுவரை யாரும் சொன்னதில்லையாம்.

மச்சானிடம் பிளேயர் இரவல் வாங்கிப் போட்டேன். ஓர் ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பது போலப் பாடியது. பாவம், யாரோ கைவிட்டுவிட்டார்கள் போலும். எனக்குக் கண் கலங்கியது.

"இஞ்சேரப்பா, என்ன அது? மாடு ஈனுதே?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"இது ஆழமான இசை. உமக்கு விளங்காது."

"ஓம், விளங்காதுதான். சத்தத்தைக் குறையுங்கோ."

மறுநாள் தெருவைக் கடந்து போனேன். அம்மா வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரின் சோகம் நெஞ்சைப் பிழிந்துவிட்டது என்று என் ஆங்கிலத்தில் உருகினேன்.

"எந்த மனிதர்?"

"பாடினவர்."

"பாடினது நான்," என்றார். "நான் பாடி வெளிவந்த ஒரே தட்டு அது. எல்லாரும் ஆடுவதற்கென்று போட்ட பாட்டு."

ஆண் குரல்தான் கேட்டது என்று சத்தியம் பண்ணினேன். அவர் எழுந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளேயரின் ஓரத்திலிருந்த குமிழைத் திருப்பினார். அது தட்டு சுழலும் வேகத்தை மாற்றுவதாம், மெதுவாய்ச் சுழன்றால் பெண் குரலும் ஆண் குரலாகிவிடுமாம்; நான் அலங்காரமென்று நினைத்திருந்தேன். பாட்டு துள்ளி எழுந்தது. ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டே பாடினாள். மனைவி அகப்பையோடு வந்து தலையாட்டினாள்.

அம்மா தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "இப்போது சொல்லுங்கள்."

சொல் வரவில்லை. கால் வந்தது. ஆடினேன். சோபாவில் முழங்கால் இடித்தும் நிறுத்தவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இது போதும்," என்று சொல்லி, அந்தப் பாட்டை முணுமுணுத்தபடியே படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மனைவி சொன்னாள்: "நீங்கள் அழுததே பரவாயில்லையப்பா. ஆடினதைத்தான் பாக்கேலாமல் கிடந்தது."