செல்வி அக்காவின் கடைசிப் பக்கம்

யட்டியாந்தோட்டைப் பழைய புத்தகக் கடையொன்றில் அந்தப் பழைய காதல் நாவலைப் பிரித்ததும், மண்சரிவில் போய்விட்ட எங்கள் தோட்டத்து லய வீடுகளின் இறப்பர் புகை வாடை அடித்தது. சின்ன வயதில் அங்கே, எழுத்துத் தெரியாத பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, விரல்களில் காய்ந்த இறப்பர் பாலை உரித்தபடி கேட்டிருக்க, பிரிந்து போன நாயகன் திரும்பி வரும் இதன் கடைசிப் பக்கத்தைத் தினமும் வாசிப்பேன். கொழும்புக்குப் போன அவள் புருஷனோ கடிதமே போடவில்லை. ஒருநாள் நான் மாங்காய் திருடியதை அம்மாவிடம் அவள் சொல்லிவிட, அடி வாங்கிய சூட்டில் அதே பக்கத்தை விரித்து, நாயகன் போன இடத்திலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதாக வாசித்தேன்.

"என் மனசு நோகும்னுதான் இத்தன நாளா மாத்தி வாசிச்சியா புள்ள?"

"ஆமாக்கா."

என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதன்பின் தபால்காரரைக் கண்டு அவள் எழுந்து நிற்கவேயில்லை.

கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அவன் திரும்பி வந்தான்.