குண்டூசி பிடித்த வாய்

டெய்லர் அக்காவின் வாய்க்கு இத்தனை வருடமும் ஒரே வேலைதான்: குண்டூசி பிடிப்பது. காலர் வைத்துப் பார்க்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும், ஊசிகள் உதட்டிடுக்கில் வரிசையாக நிற்கும். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் "ம்ம்" மட்டுமே பதில்.

அந்த வாய்தான் இப்போது அவள் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

மகள் பட்டம் வாங்கிய கையோடு, அம்மா சமுதாயக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். பகலில் தையல், மாலையில் வகுப்பு. மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாக வெங்காயத் தோலைப் பார்த்தபோது, "அடேங்கப்பா, இவ்வளவு ஒட்டுத் துணியைச் சுருக்கமே இல்லாம யார் தைச்சது?" என்று அவள் கேட்டதில் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா.

சிக்கல் கிருமிப் பாடத்தில் வந்தது. ஸ்லைடை இடுக்கியால் எடுத்து வைத்தாள். அடுத்து சாயப் புட்டியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். இடுக்கி தானாக உதட்டுக்குப் போனது.

"அக்கா! வாய்!"

கத்தியது ஆசிரியை. அக்காவைவிடச் சின்னவள். தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்று, ஒட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு அறிவியல் படித்து இங்கே வந்தவள்.

"தெரியாம போயிடுச்சு மேடம்."

"தெரியாம போச்சுன்னா கிருமி சும்மா விடுமா? செய்முறைத் தேர்வுல ஒரு தடவை இப்படிப் பண்ணாலும் அங்கேயே நிறுத்திடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

மாஸ்க் போட்டும் பார்த்தாள். இடுக்கி மாஸ்க்கில் போய் முட்டியது. அதுவும் தப்புதான்.

வீட்டில் காவல் போட்டார்கள். அவள் கை மேலே போனால் போதும், பெயின்டர் புருஷனும் மகளும் "வாய்!" என்று கத்துவார்கள். ஒருநாள் சாப்பாட்டுக் கவளத்துக்கும் புருஷன் கத்திவிட்டான்.

"சோத்துக்குமா தடை?" என்றாள் அக்கா.

மகள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "படிச்சு முடிச்ச நானே எந்தப் பக்கம் போறதுன்னு முழிக்கறேன். உனக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு தெளிவு?"

"தெளிவா? பட்டனுக்குக் காஜா எடுக்கறதுலதான் எனக்குத் தெளிவு. இது ஆசைடி. ஆசைக்கு என்ன தெளிவு வேணும்?"

வழி கிடைத்தது தையல் மெஷினில்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வம்புக்கு வந்தாள். விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் பேசி முடித்தபின் அக்கா குனிந்து பார்த்தால், தைக்க எடுத்த திரைச்சீலை முழுக்க ஊசி குத்தியாகிவிட்டது. ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை! ஊசிகளை நேராக டப்பாவிலிருந்தே எடுத்திருக்கிறாள். வாய் சும்மா இருந்தால்தான் வேலை தேடுகிறது.

தேர்வன்று அவள் மேசையிலிருந்து முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. "துளி வெச்சாச்சு... இப்ப சூடு காட்டணும்... இப்ப சாயம்..."

ஆசிரியை வந்து நின்றாள். "யாருகூடக்கா பேச்சு?"

"வாய்க்கு வேலை கொடுத்திருக்கேன் மேடம். சும்மா விட்டா ஊசி கேக்கும்."

புட்டியைத் திறக்கும் இடம் வந்தது. இடுக்கியோடு கை மேலே எழுந்தது. மோவாய் வரை வந்துவிட்டது. "இடுக்கி தாங்கியில..." என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை ஒரு கணம் யோசித்து, கீழே இறங்கி, இடுக்கியைத் தாங்கியில் வைத்தது.

ஆசிரியை மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். சாயமேறிய கிருமிகள் ஊதாப் புள்ளிகளாக, பொடித் தையல் போலத் தெளிவாக, கொத்துக் கொத்தாக.

"பிரமாதம். பாஸ்க்கா!"

ஸ்லைடுப் பெட்டியில் ஒட்ட, பசை தடவிய லேபிள் ஒன்றை ஆசிரியை எடுத்தாள். நனைத்துக்கொள்ள ஈரப்பஞ்சுக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அவள் கையோ லேபிளை நேராக நாக்குக்குக் கொண்டுபோனது.

"மேடம், வாய்!" இந்த முறை கத்தியது அக்கா.

ஆசிரியை லேபிளை நாக்கு நுனியிலேயே நிறுத்தினாள். ஆய்வகம் முழுக்கச் சிரிப்பு.

"தபால் ஆபீசை நான் விட்டு எத்தனையோ வருஷமாச்சுக்கா," என்றாள் அவளும் சிரித்தபடி. "இந்த நாக்கு இன்னும் ராஜினாமா கொடுக்கலை."

அக்கா ஈரப்பஞ்சுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "பேசிக்கிட்டே ஒட்டுங்க மேடம், சரியாப் போயிடும்."